நம் கைகளில் வலு இருக்கிறதா?



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழன் காலையில், விழிதியூரில் நம் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி ஒரு மூதாட்டி வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மய்யித்தைக் குளிப்பாட்ட நம்மையும் சேர்த்து ஐந்து பெண்கள் திரைக்குள் நின்றிருந்தோம். சட்டம் தெரிந்தவர் என்ற முறையில் மற்றவர்கள் நம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதை முதலில் கழுவ வேண்டும், எத்தனை முறை, இலந்தை இலைத் தண்ணீர் எப்போது, கற்பூரம் எப்போது என்று நாம் சொல்லச் சொல்ல அவர்கள் செய்தார்கள். வலப்புறம் முடிந்தது. இடப்புறம் கழுவ உடலைத் திருப்ப வேண்டிய நேரம் வந்தபோது, தோளைத் தாங்கும் பொறுப்பை நாமே எடுத்துக்கொண்டோம்.

பாதி திருப்புவதற்குள் நம் இடக்கை நடுங்கத் தொடங்கியது. தண்ணீரில் நனைந்த உடலின் பாரம் எப்படியிருக்கும் என்பது தாங்கியவர்களுக்குத்தான் தெரியும். முழங்கைக்கு மேலே எரிச்சல்; பிறகு உணர்வே இல்லை; பிடி நழுவியது. அந்தத் தாயின் தோள் பலகையில் மோதிய சத்தம் மிகச் சிறியது. வெளியே இருந்த ஒருவருக்கும் கேட்டிருக்காது. ஆனால் திரைக்குள் நின்ற அவர்களுடைய மருமகள் நிமிர்ந்து நம்மைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா, அதுவரை ஓரமாக நின்று தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், குவளையைக் கீழே வைத்துவிட்டு முன்னே வந்தார்கள். “தள்ளிக்கம்மா, நான் புடிச்சுக்கிறேன்” என்றார்கள். அக்குளுக்குக் கீழே ஒரு கை, தோளுக்கு அடியில் ஒரு கை கொடுத்து, குழந்தையைத் தொட்டிலில் புரட்டுவதுபோல் புரட்டினார்கள். கழுவி முடிக்கும் வரை அந்தக் கைகள் அசையவில்லை.

இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற கருத்தில் அபூதாவூதில் வரும் நபிமொழியை நாம் எத்தனை வகுப்புகளில் விளக்கியிருப்போம்! எலும்பு ஏதும் முறியவில்லை என்பது உண்மைதான். ஆயினும் அன்றிரவு இஷாவுக்குப் பின் தொழுகை விரிப்பிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மய்யித் குளிப்பாட்டும் முறையைப் பெண்பிள்ளைகளுக்கு நாம் கற்பித்து வருகிறோம். செய்முறைப் பாடத்தில் மய்யித்துக்குப் பதிலாக ஒரு நீளத் தலையணையைக் கிடத்துவோம். தலையணைக்கு எடையில்லை என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது.

அதே வாரத்தில் நடந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. மதரஸாவில் மூத்த வகுப்பில் ஓதும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, பாடம் முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்தாள். “ஆலிமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றாள். கேள் என்றோம். மேற்கை சதை தொங்காமல், இறுகி, வடிவாக இருப்பதற்குப் பெண்கள் செய்யும் பயிற்சிகளைக் கைப்பேசியில் பார்த்தாளாம். அவற்றை வீட்டில் செய்வது ஆகுமா, ஆகாதா என்று கேட்டாள்.

நாம் சொன்ன பதில் இது: “யாரிடம் காட்டப் போகிறாய்? முழுக்கை போட்டு மூடும் கைக்கு வடிவு எதற்கு?” வகுப்பில் நின்ற மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முகம் கருத்துத் திரும்பிப் போனாள்.

பத்து நாள் கழித்து அவள் வகுப்பில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து, சர்க்கரை கரைத்துப் புகட்டி எழுப்பிய பிறகுதான் செய்தி வெளிப்பட்டது. பெண் பார்க்க வந்த வீட்டார் ஒருவர், பிள்ளையின் கை தடியாக இருக்கிறதென்று அவள் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று முதல் இரவுச் சோற்றை விட்டிருக்கிறாள். பின்னர் காலைப் பசியாற்றையும் விட்டிருக்கிறாள். நம்மிடம் அவள் கேட்க வந்த கேள்விக்கு நாம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால், பட்டினி கிடப்பதற்கு முன்பே அவளை நிறுத்தியிருக்கலாம். தண்டனைபோல் ஒரே வாரத்தில் இரண்டு கைகள் நம் முன்னே வந்து நின்றன: தாங்க முடியாமல் நழுவிய நம் கை, அழகில்லை என்று பிறர் சொன்னதற்காக அவள் வருத்திக்கொண்ட கை.

மறுநாள் அவளைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியை மாணவியிடம் மன்னிப்புக் கேட்பது நம் மதரஸாக்களில் வழக்கமில்லை, வழக்கமாக வேண்டும். பிறகு இருவருமாகத் தேடத் தொடங்கினோம். மார்க்க நூல்கள் நம் பங்கு. மருத்துவமனையில் பணியாற்றும் நம் உறவுக்காரப் பெண்ணிடம் கேட்டு வருவது அவள் பங்கு. அப்படித் தெரிந்துகொண்டவற்றையே கீழே எழுதுகிறோம்.

முதலில் அவள் பார்த்த காணொளிகளில் இருந்த ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறோம். ஒரு குறிப்பிட்ட பயிற்சியைச் செய்தால் கையிலுள்ள கொழுப்பு மட்டும் கரையும் என்கிறார்கள். உடல் அப்படி இயங்குவதில்லை. கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. உடம்பு தன் இயல்புப்படி எல்லா இடத்திலிருந்தும் சிறிது சிறிதாக எடுக்கும். சிலருக்கு முகம் முதலில் மெலியும். கை கடைசியில்தான் மெலியும். பயிற்சியால் கையில் நேரடியாக மாறுவது தசை. மேற்கையின் முன்புறத் தசை முழங்கையை மடக்குகிறது. பின்புறத் தசை முழங்கையை நீட்டுகிறது. மேற்கையின் பருமனில் பெரும்பங்கு இந்தப் பின்தசைக்கே உரியது. நாற்பதைத் தாண்டிய நம் போன்றோர் கையை உயர்த்தினால் கீழே தொங்கி ஆடுவது அந்தப் பின்தசை இளைத்து, அதன்மேல் கொழுப்பு படிந்த இடமே. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. அப்போது கை மெலியும், ஆனால் இறுகாது. அந்தப் பிள்ளை பத்து நாள் பட்டினியால் கண்டது அதுதான்.

இன்னோர் அச்சம் நம் தாய்மார்களுக்கு உண்டு: பாரம் தூக்கினால் பெண்ணின் கை ஆண்கையைப்போல் புடைத்துவிடும் என்று. பெரிய தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு ஆண்களோடு ஒப்பிடப் பெண்களுக்கு மிகக் குறைவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் இரண்டு கிலோ, நான்கு கிலோ தூக்குபவருக்கு அப்படி ஒன்றும் ஆகிவிடாது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைந்துகொண்டே போகிறது. அறுபதுக்குப் பின் இன்னும் விரைவாகக் குறைகிறது என்பதே நாம் அஞ்ச வேண்டிய செய்தி. மாதவிடாய் நின்றபின் எலும்பின் உறுதியும் சரிகிறது. தசைகள் இழுக்கும்போதுதான் எலும்பு உறுதிப்படும்.

இங்கே அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை ஆகியவற்றை நினைத்துப் பெருமூச்சு விடும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. அந்தப் பெருமூச்சில் நமக்கு முழு உடன்பாடில்லை. மய்யித் வீட்டில் முன்வந்த அந்தப் பெரியம்மாவின் கைவலு ஆட்டுக்கல்லில் வந்தது என்பது மெய்தான். பத்துப் பேர் உள்ள வீட்டிற்கு மாவாட்டி, நோன்புக் கஞ்சிக்கு அரிசி நொறுக்கி, கிணற்றில் இறைத்து, இடியாப்ப உரலைப் பிழிந்து வளர்ந்த கை. ஆனால் நாம் விசாரித்தபோது அவர்களே சொன்னார்கள்: “கையி வலுவா இருந்துச்சு, முதுகு போயிடுச்சே வாப்பா.” வலக்கையால் மட்டும் ஆட்டியதில் வலத்தோள் இன்றும் முழுதாக உயராது. கோவையில் 1955 அளவில் சபாபதி என்பவர் மாவாட்டும் இயந்திரத்தைச் செய்தளித்தது பெண்களுக்குக் கிடைத்த பெரிய உபகாரம். நம் எல்லைக்கு அப்பால் தமிழக அரசு 2011 முதல் மிக்சியும் கிரைண்டரும் விலையில்லாமல் கொடுத்தபோது, வாங்கிய பெண்கள் அடைந்த நிம்மதியை நம் உறவினர் வீடுகளிலேயே பார்த்தோம். இயந்திரம் நம் நேரத்தை மீட்டுத் தந்தது. மீண்ட நேரத்தில் கைக்கென்று ஒரு கால்மணியைக்கூட நாம் திருப்பித் தரவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

திருகைக் கல்லின் வேதனையை அறிந்த ஒரு வீடு நம் வரலாற்றில் உண்டு. அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் கைகள் மாவரைத்து மாவரைத்துக் காய்த்துப்போயிருந்தன. ஒரு பணியாளைக் கேட்டு அவர்கள் தந்தையிடம் சென்றதும், உறங்கும் முன் ஓதுமாறு 33, 33, 34 என்ற தஸ்பீஹ், தஹ்மீது, தக்பீரை நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கின்றன. அந்த திக்ரை நம்மில் அநேகர் தவறாமல் ஓதுகிறோம். அது காய்த்துப்போன ஒரு பெண்ணின் கைகளுக்காக அருளப்பட்ட திக்ர் என்பதை நினைத்து ஓதுபவர்கள் எத்தனை பேர்?

நம் தேட்டத்தில் நம்மை அதிகமாக நிறுத்தி வைத்தது அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் செய்தி. தம் மனைவியருள் கை நீளமானவரே தம்மிடம் முதலில் வந்து சேர்வார் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிவிட, அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தார்கள்! கோல் கொண்டு அளந்ததாகப் புகாரியில் வருகிறது. உம்மஹாத்துல் முஃமினீன் ஒன்றுகூடி யாருடைய கை நீளம் என்று அளந்து நின்ற அந்தக் காட்சியை நினைக்குந்தோறும் நமக்குப் புன்னகை வரும். அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் கையே நீளமாக இருந்தது. ஆனால் ஹிஜ்ரி 20-ல், எல்லோருக்கும் முன்பாக வஃபாத்தானவர்கள் ஸைனப் (ரலி). அப்போதுதான் நீளம் எது என்று விளங்கியது. அவர்கள் தம் கையால் உழைப்பார்கள். அந்த உழைப்பில் வந்ததைத் தர்மம் செய்வார்கள். தோல் பதனிடும் தொழில் அவர்களுடையது என்று குறிப்புகள் உண்டு. ஈரத்தோலை அலசி, பிழிந்து, இழுத்து விரிப்பதற்கு எத்தகைய கை வேண்டும் என்பதைத் தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துச் சகோதரிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

அந்த மாணவியிடம் இதைச் சொன்னபோது அவள் உடனே, “அப்ப அளந்து பாத்ததுக்கு நபியவங்க கோவிக்கலையா ஆலிமா?” என்று கேட்டாள். கோபித்ததாக எந்த அறிவிப்பிலும் நாம் பார்க்கவில்லை. நம் வகுப்பில் அவளைப் பார்த்து எழுந்த சிரிப்பு நினைவுக்கு வந்து நாம் மௌனமானோம்.

மய்யித் குளிப்பாட்டும் பாடத்தில் நாம் தவறாமல் சொல்லும் பெயர் உம்மு அதிய்யா (ரலி). நபி (ஸல்) அவர்களின் மகளாரைக் குளிப்பாட்டியவர்கள். பிற்காலத்தில் பஸராவில் அறிஞர்களே அவர்களிடமிருந்து அந்த முறையைக் கற்றார்கள். இதுவரை பாடத்தில் நாம் சேர்க்காமல் விட்ட செய்தி ஒன்றுண்டு: அதே உம்மு அதிய்யா ஏழு போர்ப் பயணங்களில் உடன் சென்று, படைக்குச் சமைத்து, காயம்பட்டவர்களைப் பராமரித்தவர்கள். காயம்பட்ட ஆண்மகனைத் தூக்கிப் புரட்டி மருந்திட்ட கைகள்தாம் பின்னர் மய்யித்தையும் புரட்டின. உஹதில் அன்னை ஆயிஷாவும் உம்மு ஸுலைமும் (ரலி) தண்ணீர்த் தோற்பைகளைச் சுமந்து ஓடி ஓடி ஊற்றியதும் புகாரியில் உள்ளதே. மத்யன் நகரத்துப் பெரியவரின் மகள் மூஸா (அலை) அவர்களைப் பற்றித் தந்தையிடம் சொன்னபோது, வலிமையையும் நம்பகத்தையும் ஒரே மூச்சில் சேர்த்தாள். நாம் நம்பகத்தைப் பற்றி மட்டும் ஆண்டு முழுதும் பயான் செய்கிறோம்.

இன்றைய காலத்திற்கு வருவோம். நம் காரைக்காலும் கேரளக் கரையிலுள்ள மாஹேயும் ஒரே புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற உறவு. அந்த மாஹேயின் பல் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் மஜீஸியா பானு. வடகரைக்கு அருகே ஓர்க்காட்டேரி என்ற ஊர்க்காரர். ஹிஜாபைக் கழற்றாமல் பளுதூக்கும் மேடையேறி, மாநிலப் பட்டங்களும் பன்னாட்டுப் பதக்கங்களும் பெற்றார், கைமல்யுத்தத்திலும் போட்டியிட்டார். பகலில் வகுப்பு, மாலையில் பயிற்சி என்று அவர் உழைத்த காலத்தில், வீட்டார் துணையாக நின்றதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு முன் அமெரிக்காவில் வாழும் பாகிஸ்தானிய வம்சத்துப் பெண் குல்சூம் அப்துல்லாஹ் பன்னாட்டுப் பளுதூக்கும் சம்மேளனத்திடம் முறையிட்டு, உடலை மூடும் ஆடையோடு போட்டியிடும் அனுமதியை 2011-ல் பெற்றார். முழங்கை முழுதாக நீண்டதா என்று நடுவர்கள் பார்க்க வேண்டும். மூடியிருந்தால் எப்படித் தெரியும் என்பதே அதுவரை சொல்லப்பட்ட தடை. உடலோடு ஒட்டிய உள்ளாடையால் அந்தத் தடை தீர்ந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்தின் ஸாரா அஹ்மது தலையை மூடியபடியே வெண்கலம் வென்றார்.

ஆண்கள் பார்க்கும் மேடையில் பெண்கள் போட்டியிடுவது பற்றி நம் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கும் அதில் தயக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் வீட்டின் நடுப்பத்தியில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பெண் தன் கையை வலுப்படுத்துவதில் எந்தக் கருத்து வேறுபாட்டிற்கும் இடமில்லை. கணவனின் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் கலந்திருந்தால் அதுவும் குற்றமன்று. வடிவு கூடியதும் அதைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டினால்தான் கேள்வி வேறாகிறது. நாம் முதல் நாள் அந்தப் பிள்ளையிடம் கேட்ட “யாரிடம் காட்டப் போகிறாய்” என்பதில் விஷயம் முழுக்கத் தவறில்லை. கேட்ட விதமும் கேட்ட இடமும் தவறு.

சரி, என்ன செய்தோம்? வாரத்தில் மூன்று நாள், அஸருக்குப் பின் கால்மணி முதல் இருபது நிமிடம். ஒருநாள் செய்தால் மறுநாள் ஓய்வு. தசை வளர்வது அந்த ஓய்வில்தான். தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரம் இரண்டு நாளுக்குக் குறையக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டலில் இருக்கிறது. முதல் வாரம் வெறும் சுவர்தான். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவர் அருகே கொண்டுசென்று, மறுபடி தள்ளி நிமிர்வது. உடல் தலைமுதல் குதிகால்வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். பத்து முறை. சிறிது இளைப்பாறி மறுபடி பத்து. சுவர் எளிதானதும் சமையல் மேடையின் விளிம்பில் கையூன்றிச் செய்தோம், அது கடினம். அதுவும் பழகியபின் தரையில் முழங்காலிட்டுச் செய்தோம். ஸுஜூதிலிருந்து எழும் நிலைக்குப் பக்கத்து நிலை அது; பிள்ளைகளுக்கு விளங்கவைக்க எளிதாக இருந்தது.

பாரத்துக்குக் கடைக்குப் போகவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு போத்தல்களில் கணக்கு முடிந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, போத்தலைத் தோள்வரை மடக்கி மெதுவாக இறக்குவது முன்தசைக்கு. போத்தலை இரு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தி, முழங்கையை மட்டும் மடக்கித் தலைக்குப் பின்னே இறக்கி மறுபடி நீட்டுவது பின்தசைக்கு. தொங்கும் சதையைப் பற்றிக் கவலைப்படுவோர்க்கு வேலை இங்கேதான் அதிகம். பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்து, முதுகை நேராக வைத்து, பையில் கட்டிய அரிசியை வயிற்றின் அருகே இழுத்து இறக்குவது. கிணற்றில் இறைக்கும் அசைவு அது என்று பெரியம்மா கண்டுபிடித்தார்கள். மய்யித்தைத் திருப்பத் தேவையானதும் அந்த அசைவுதான் என்பதை நாம் கண்டோம். எதுவானாலும் எட்டு முதல் பன்னிரண்டு முறை. கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும். கடினமாக இல்லையென்றால் பாரம் போதவில்லை என்று பொருள். அரைக்கிலோ, அரைக்கிலோவாகக் கூட்டினோம். தூக்கும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும், சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு உள்ளவர்களும், தோளில் வலி உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சர்க்கரை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடந்து போக முடியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. நீரிழிவில் கோவா 26.4 விழுக்காட்டோடு முதலிடம், 26.3 விழுக்காட்டோடு அடுத்த இடம் நம் புதுச்சேரிக்கு. நாலில் ஒருவருக்கு மேல்! பிரியாணியும் நெய்ச்சோறும் வாடாவும் பரோட்டாவும் நிறைந்த நம் விருந்துகளை நினைத்தால் நமக்கு வியப்பில்லை. உண்ட மாவுச்சத்தை இரத்தத்திலிருந்து வாங்கிச் செலவழிக்கும் பெரிய கிடங்கு தசைதான். தசை இளைத்த உடம்பில் அந்தக் கிடங்கு சுருங்கிப்போகிறது. ஆகவே பெண்பிள்ளை கையை வலுப்படுத்துவதை அலங்காரம் என்று ஒதுக்கும் தாய்மார்கள், தம் வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

உணவில் அந்தப் பிள்ளைக்கு நாம் இட்ட முதல் நிபந்தனை: எந்த வேளையையும் விடக்கூடாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை; அறுபது கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. கடலோர ஊரில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் நம் வீடுகளில் பெரிய துண்டு ஆண்களின் தட்டுக்கும், குழம்பும் தலையும் பெண்களின் தட்டுக்கும் போகும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அவள் வீட்டுக்குச் சென்று அவளுடைய உம்மாவிடம் இதை நேரே சொன்னோம். அவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு தம் தட்டைப் பார்த்தார்கள்.

முதல் மூன்று நான்கு வாரங்களில் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்திலேயே வலு கூடத் தொடங்கிவிடும். நரம்புகள் இருக்கின்ற தசையை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால் வரும் வலு அது. தசையின் வடிவு தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ரமளானில் பாரத்தைக் குறைத்து, தராவீஹுக்கு முன்னே பத்து நிமிடம் மட்டும் செய்தோம். இரண்டு நாள் தூக்கத்தில் விட்டுப்போயிற்று, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பிள்ளையோடு இருவராகத் தொடங்கியது, ஆறாம் மாதத்தில் பதினொரு பெண்களாயிற்று. நம் வீட்டு நடுப்பத்தி போதாமல் மொட்டை மாடிக்குப் போனோம். சுற்றிலும் சாக்கு கட்டி மறைத்துக்கொண்டோம். பெரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கை சொல்வார்கள். எட்டுக்கு அடுத்துப் பன்னிரண்டு என்று வேண்டுமென்றே தாவுவார்கள். மதரஸாவிலும் பாடத்தை மாற்றினோம். தலையணையை எடுத்துவிட்டு, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் இரண்டைப் பாயில் சுற்றிக் கட்டி, ஈரத்துணி போர்த்தி, நான்கு பேராகத் திருப்பச் சொல்கிறோம். முதல் நாள் ஒரு பிள்ளையின் கை நழுவி மூட்டை சாய்ந்தது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த மாணவிக்குப் பேசிய சம்பந்தம் முடியவில்லை. அவளே வேண்டாம் என்றாள். அவளுடைய வாப்பா மறுப்பேதும் சொல்லவில்லை. “கை இன்னும் மெலியலையே ஆலிமா” என்று இடையிடையே கேட்பாள். ஆம், அவள் கை பெரிதாக மெலியவில்லை. இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தனியாகத் தூக்கிக் கவிழ்க்கிறாள்.

சென்ற மாதம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத் அறிவிப்பு வந்தது. நிரவிப் பக்கத்து உறவினர் வீடு. வயதில் நம்மை விடச் சிறியவர், உடல் பருத்தவர். திரைக்குள் நால்வர் நின்றோம். அந்த மாணவி முதன்முறையாக வந்திருந்தாள். இடுப்புப் பக்கம் அவள் நின்றாள். தோள் பக்கம் நாம் நின்றோம். வலப்புறம் கழுவி முடிந்து, திருப்பும் நேரம் வந்தபோது நம் நெஞ்சு அடித்துக்கொண்டது. “பிஸ்மில்லாஹ்” என்றோம். அக்குளுக்குக் கீழே ஒரு கை, தோளுக்கு அடியில் ஒரு கை. உடல் மெல்லத் திரும்பியது. தண்ணீர் ஊற்றி முடிக்கும் வரை பிடித்திருந்தோம். கை நடுங்கியது, ஆனால் நழுவவில்லை. பிறகு பலகையில் மெதுவாகக் கிடத்திவிட்டு, கற்பூரம் கலந்த தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னோம்.